யார் கையில் மரக்கால்? ஆங்கிலத்தின் அளவுச் சொற்களை முன்வைத்து

சில வருஷங்களுக்கு முன் ஒரு மனுவை ஆங்கிலத்தில் எழுதித்தர வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் சாயப்பட்டறைக் கழிவு இறங்கி, கிணற்றுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஊர்க்காரர்கள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். ‘ரொம்ப மோசம் சார், ரொம்ப ரொம்ப மோசம்’ என்று ஒரு அம்மா சொன்னதை அப்படியே ‘வெரி பேட்’ என்று போட்டேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒன்றரைப் பக்கத்தில் ஏழு ‘வெரி’. ஆங்கிலத்தில் நல்ல பயிற்சியுள்ள நண்பர் ஒருவரிடம் திருத்தக் கொடுத்தேன். சிவப்பு மையால் ஏழையும் அடித்தார். ‘நல்ல இங்கிலீஷ்ல இதெல்லாம் வராதுய்யா. வார்த்தை வலுவா இருந்தா எதுக்கு முட்டுக்கொடுக்கணும்?’ என்றார். அடித்துத்தான் அனுப்பினோம். இரண்டரை மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்கே வரி. அந்தப் பகுதித் தண்ணீர் ‘ரீசனப்லி சேஃப்’ என்றிருந்தது.

எங்கள் ஏழு போய்விட்டது. அவர்களுடைய ஒன்று வந்து நிற்கிறது. அந்த ‘ரீசனப்லி’யும் நாங்கள் அடித்த ‘வெரி’யும் இலக்கணப்படி ஒரே சாதிதான். பெயரடைக்கு முன்னால் நின்று அதன் அளவைச் சொல்லும் வினையடை. அப்படியிருக்க ஒன்று பலவீனம் என்றும் மற்றது நிர்வாக மொழி என்றும் எப்படி ஆனது? இதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியதுதான் இந்தக் கட்டுரை.

நண்பர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் ஒரு சின்னப் புத்தகம் உண்டு. வில்லியம் ஸ்ட்ரங்க் எழுதியது, ஈ.பி. வொயிட் 1959இல் விரித்துப் புதுப்பித்தது. ‘ராதர்’, ‘வெரி’, ‘லிட்டில்’, ‘ப்ரெட்டி’ ஆகிய நான்கையும் உரைநடையின் ரத்தம் குடிக்கும் அட்டைகள் என்கிறார் வொயிட். பிறகு வந்த எழுத்துப் பயிற்சிக்காரர்கள் எல்லோரும் இந்த அட்டையைப் பிடுங்கிப் பிடுங்கி உப்புத் தடவினார்கள். இந்த அறிவுரை பொய் என்று சொல்ல வரவில்லை. வொயிட் ‘குளிர்’ என்று எழுதினால் வாசகன் குளிர் என்று நம்புவான். ‘நியூ யார்க்கர்’ பத்திரிகையின் பக்கம் அவருக்காகச் சாட்சி சொல்கிறது. பெயரடை தனியாக நிற்பதற்கு ஒரு சொத்து வேண்டும், நம்பகம் என்கிற சொத்து. அது இல்லாதவனிடம் போய் முட்டுக்கொடுக்காதே என்று சொல்வது, கூரை இல்லாதவனிடம் குடை எதற்கு என்று கேட்பது மாதிரி.

பள்ளிக்கூடம் இந்தச் சொற்களை எப்படித் தருகிறது என்று முதலில் பார்ப்போம். ரென் அண்ட் மார்ட்டின் கையில் கொடுத்து நம்மை வளர்த்த வகுப்பறைகளில் இவை அளவை, எவ்வளவு என்பதைக் குறிப்பவை என்ற ஒரு தலைப்புக்குள் அடங்கிவிடும். வாத்தியார் கரும்பலகையில் ஏணி போடுவார். அடியில் ‘ஃபேர்லி’, அதற்கு மேல் ‘க்வைட்’, மேலே ‘ராதர்’, அதற்கும் மேலே ‘வெரி’, உச்சியில் ‘எக்ஸ்ட்ரீம்லி’. ‘டூ’ மட்டும் ஏணியில் ஏறாமல் வேண்டாத மிகுதி என்று தனியாக நிற்கும். ‘ஐ ஆம் டூ ஹேப்பி’ என்று எழுதினால் அடி விழும். (தொல்காப்பியர் உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்று உரியியலில் வைத்தார், வினையோடு முடிச்சுப் போடவில்லை. ஆங்கிலமோ வினையைத் தொடவே தொடாத ஒரு சொல்லுக்கு வினையடை என்று பேர் வைத்திருக்கிறது. போகட்டும்.)

அந்த ஏணி உண்மையில் நிற்காது. ‘க்வைட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘க்வைட் டெட்’ என்றால் முழுக்கச் செத்துவிட்டது. ‘க்வைட் இம்பாசிபிள்’ என்றால் அறவே முடியாது. அதே சொல் ‘குட்’டுக்கு முன்னால் வந்தால், பிரிட்டிஷ்காரன் வாயில் ‘பரவாயில்லை, சுமார்’ என்று இறங்கிவிடும். அமெரிக்கக்காரன் வாயில் ‘நன்றாகவே இருக்கிறது’ என்று ஏறிவிடும். உன் எழுத்து ‘க்வைட் குட்’ என்று லண்டனிலிருந்து கடிதம் வந்ததற்குச் சந்தோஷப்பட்டு நண்பர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே படியில் நின்றுகொண்டு ஒருவன் மேலே போகிறான், இன்னொருவன் கீழே வருகிறான். இதற்கு ஏணி என்று பேரா?

இலக்கணக்காரர்கள் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். பெயரடைகளில் ஏற்றத்தாழ்வு கொள்பவை உண்டு, கொள்ளாதவை உண்டு. சூடு கூடும், குறையும். சாவு கூடாது, குறையாது. கொள்ளாதவற்றின் முன் ‘வெரி’ வராது, ‘அப்சல்யூட்லி’ போன்றவைதான் வரும். ராண்டால்ஃப் க்வெர்க்கும் கூட்டாளிகளும் 1985இல் வெளியிட்ட பெரும் இலக்கணத்தில் ஏற்றுபவை, இறக்குபவை என்று இரண்டு பெரும் பிரிவும் அவற்றுக்குள் உட்பிரிவுகளும் போட்டு, மிக நேர்த்தியாக அடுக்கியிருக்கிறார்கள். படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொள்ளும், கொள்ளாது என்ற அந்த மதில் யாருக்கு மதில்? ‘வெரி யுனீக்’ என்று மாணவன் எழுதினால் தப்பு. யுனீக் என்றால் ஒன்றே ஒன்று, அதில் என்ன ‘மிக’ என்று கேட்பார்கள். 1787இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள் அரசியல் சட்டத்தின் முகப்பிலேயே ‘மோர் பெர்ஃபெக்ட்’ ஒன்றியம் என்று எழுதினார்கள். பூரணத்தில் என்ன கூடுதல் பூரணம்? எந்த வாத்தியாரும் அதைச் சிவப்பு மையால் திருத்தியதாகத் தெரியவில்லை. ஆர்வெலின் விலங்குப் பண்ணையில் (1945) பன்றிகள் கடைசியில் செய்வதும் இந்த இலக்கணப் பிழையைத்தான். சமம் என்ற, அளவே கொள்ளாத சொல்லுக்கு முன்னால் ஒரு ‘மோர்’ வைக்கின்றன. ஒரு புரட்சி அந்த ஒரு சொல்லில் முடிந்துபோகிறது.

எட்வர்ட் சப்பீர் எழுதி 1944இல் வெளிவந்த ஒரு கட்டுரை இதில் நமக்குக் கை கொடுக்கும். அளந்து பார்ப்பதற்கும் எண்ணிப் பார்ப்பதற்கும் முன்பே மனித மனம் கூடுதல்-குறைவு என்று தரம் பிரித்துவிடுகிறது என்பது அவருடைய வாதம். பெரிது என்ற சொல்லுக்குள்ளேயே ‘எதைவிட’ என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. பெரிய எறும்பு சின்ன யானையைவிடச் சிறிது. எறும்புக்கு எறும்புகளுக்கான நடுக்கோடு, யானைக்கு யானைகளுக்கான நடுக்கோடு. ‘வெரி’ செய்வது அந்த நடுக்கோட்டிலிருந்து தூரத்தைக் கூட்டிச் சொல்வதுதான். நடுக்கோடு எங்கே என்பதை ‘வெரி’ ஒருபோதும் சொல்வதில்லை. பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒரே நடுக்கோட்டில் நிற்கிறார்கள் என்று அது சும்மா எடுத்துக்கொள்கிறது. நிற்காவிட்டால் யாருடைய கோடு செல்லும்? இதை நாம் வயல்வெளியில் அறிந்திருக்கிறோம். நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது இன்னொரு மரக்கால். இரண்டுக்கும் பேர் மரக்கால்தான்.

இப்போது இந்தச் சொற்களின் பூர்வீகத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ‘வெரி’ ஆதியில் அளவுச் சொல்லே அல்ல. லத்தீனத்தின் ‘வேருஸ்’, பழைய பிரெஞ்சின் ‘வெராய்’ வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு உண்மையான, மெய்யான என்று பொருள். மெய்யாகவே சூடு என்பது தேய்ந்து ரொம்பச் சூடு ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ஸ்வீத’ என்று வேறு சொல் இருந்தது. வலுவாக என்பது அதன் வேர்ப்பொருள். அது செத்து, ‘ஃபுல்’, ‘ரைட்’, ‘வெல்’ எல்லாம் வந்து போய், ‘வெரி’ அரியணை ஏறியது. பிறகு ‘ட்ரூலி’யும் ‘ரியலி’யும் அதே மெய்யென்ற வேலையைச் செய்ய வந்து அதே வழியில் தேய்ந்தன. ‘க்வைட்’ கடன் தீர்ந்து விடுபட்டவன் என்ற சொல்லின் உறவு. ‘ராதர்’ முன்னதாக, சீக்கிரமாக என்பது. ‘ப்ரெட்டி’ முதலில் தந்திரக்காரனைக் குறித்தது. ‘ஆஃபுலி’, ‘டெரிப்லி’ எல்லாம் அச்சத்திலிருந்து வந்தவை. இன்று ‘ஆஃபுலி நைஸ்’ என்று சொல்லும்போது யாரும் பயப்படுவதில்லை. ஜெர்மனில் ‘வெரி’க்கு ஈடான ‘ஸேர்’ என்ற சொல்லுக்கு வலி என்று பொருள் இருந்ததாம். ஆங்கிலத்தின் ‘ஸோர்’ அதன் பங்காளி.

மொழியியல்காரர்கள் இதைத் தேய்மானம் என்கிறார்கள்: அடிக்கடி சொன்னால் வலு குறையும், புதுச்சொல் வரும். யார்க் நகரத்தில் இத்தோவும் தாலியமோன்டேயும் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் வயதானவர்களின் ‘வெரி’யை இளையவர்களின் ‘ரியலி’ தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டார்கள். சரி. ஆனால் தேய்வது ஏன் என்பதற்கு அடிக்கடி சொல்வது என்ற காரணம் போதாது. ‘டேபிள்’ என்ற சொல்லையும்தான் அடிக்கடி சொல்கிறார்கள், அது தேயவில்லையே. ‘வெரி’ தேய்ந்ததற்குக் காரணம் அது ஒரு சத்தியம் என்பதுதான். ‘நான் சொல்வது மெய், நம்பு’ என்பதுதான் அதன் உள்ளிருக்கும் வாக்கியம். எத்தனை என்று அளந்து சொல்லும் சொல்லாக அது வேஷம் போட்டிருக்கிறது. செய்வது சாட்சி சொல்வது. கேட்கிறவன் நம்பாதபோது சத்தியம் தேய்கிறது, இன்னொரு சத்தியம் தேட வேண்டியிருக்கிறது. அப்படியானால் கேள்வி இதுதான்: சத்தியம் செய்ய வேண்டிய நிலையில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை ஆங்கிலக் கனவான்கள் தலைகீழாகக் கேட்டார்கள். 1754இல் செஸ்டர்ஃபீல்ட் பிரபு ஒரு வார இதழில் அந்தக் காலத்து நாகரிகப் பெண்கள் எதற்கெடுத்தாலும் ‘வாஸ்ட்லி’ போடுவதைக் கிண்டலடித்தார்; ஒரு குட்டிப் பொடி டப்பாவைக்கூட மாபெரும் அளவுக்குக் குட்டி என்கிறார்களே என்று. 1922இல் ஒட்டோ யெஸ்பர்சன் தமது மொழி நூலில் ‘பெண்’ என்று ஒரு அத்தியாயமே வைத்து, அதில் இந்தக் கிண்டலை ஆதாரமாக எடுத்துப் போட்டார். பெண்களுக்கு மிகைப்படுத்தும் வினையடைகளில் மோகம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒரு பிரபுவின் நக்கல் 168 வருஷத்தில் விஞ்ஞானமாகிவிட்டது. 1970களில் பெண்ணிய நோக்கிலிருந்து வந்த ராபின் லேகாஃப்கூட ‘ஸோ’ என்ற அழுத்தச்சொல் பெண்மொழியின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டார். ஆனால் அதைப் பெண்ணின் குணத்தில் தேடாமல் அவள் நிறுத்தப்பட்ட இடத்தில் தேடினார். அது பெரிய நகர்வு.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் வில்லியம் ஓபாரும் போமன் அட்கின்ஸும். வட கரோலினா நீதிமன்றங்களில் பதிவு செய்த சாட்சியங்களைக் கேட்டு அவர்கள் 1980இல் எழுதியது: பெண்மொழி என்று சொல்லப்பட்ட இந்தக் கூறுகள் எல்லாப் பெண்களிடமும் இல்லை, ஆண்களிடமும் இருக்கின்றன. சமூகத்தில் கீழே இருப்பவர்கள், கோர்ட்டு வாசலை அதிகம் மிதிக்காதவர்கள், இவர்கள் பேச்சில்தான் அதிகம். ஆகவே இது பெண்மொழி அல்ல, அதிகாரமற்றவர் மொழி. இதே குழு 1978இல் செய்த இன்னொரு பரிசோதனை மனசைத் தைக்கிறது. ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகப் பேச வைத்துக் கேட்கச் செய்தார்கள். அழுத்தச்சொற்களும் தயக்கச்சொற்களும் கலந்து பேசிய சாட்சியைக் கேட்டவர்கள் குறைவாக நம்பினார்கள். நம்பவில்லையே என்று ‘வெரி’ போடுகிறாள். ‘வெரி’ போட்டாள் என்பதால் நம்பவில்லை. வட்டம் முழுசாயிற்று. என் நண்பர் அடித்த ஏழு ‘வெரி’ இந்த வட்டத்துக்குள் நிற்கிறது. நடைமுறைத் தந்திரமாக அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை ‘நல்ல இங்கிலீஷ்’ என்ற பேரில் செய்தார் பாருங்கள், அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மேலே இருப்பவன் மொழியில் இதற்கு நேர் எதிர். குறைத்துச் சொல்வதுதான் அங்கே மரியாதை. தன்னைக் கேட்பவன் தானே கூட்டிக்கொள்வான் என்ற உறுதி உள்ளவனால்தான் குறைத்துச் சொல்ல முடியும். கொரியப் போரில், 1951 ஏப்ரலில், இம்ஜின் ஆற்றங்கரையில் குளாஸ்டர்ஷயர் படைப்பிரிவு சீனப் படையால் சூழப்பட்டபோது பிரிட்டிஷ் பிரிகேடியர் நிலைமை ‘எ பிட் ஸ்டிக்கி’ என்று அமெரிக்க மேலதிகாரிக்குச் சொன்னதாக ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆங்கிலக் கனவான் பாஷையில் அதற்கு ‘செத்துக்கொண்டிருக்கிறோம்’ என்று பொருள். அமெரிக்கருக்குக் ‘கொஞ்சம் இக்கட்டு’ என்றுதான் கேட்டது. ஐந்நூறுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் சிறைப்பட்டார்கள். கனவானின் நடுக்கோட்டை அறியாத இடத்தில் கனவானின் மொழி சிப்பாயைக் கொல்கிறது. வகுப்பறையிலும் இதே கதைதான். வட இங்கிலாந்துத் தொழிலாளி வீட்டுப் பையன் ‘டெட் குட்’, ‘ரைட் குட்’ என்றால் கொச்சை; மேட்டுக்குடிப் பையன் ‘ஆஃப்லி குட்’ என்றால் அது குடும்பப் பாரம்பரியம். சாவிலிருந்து எடுத்த அழுத்தம் கொச்சை, பயத்திலிருந்து எடுத்தது நாகரிகம்!

இது எல்லாம் பேச்சுவழக்கு சமாச்சாரம், இதில் என்ன அரசியல் என்று தோழர்கள் கேட்கலாம். அரசாங்கங்கள் எழுதும் காகிதங்களைப் பாருங்கள். அட்டை என்று எழுத்தாளனிடம் பிடுங்கச் சொன்ன அதே சொற்களை அங்கே தங்கத் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள்.

2001 ஏப்ரல் 1ஆம் தேதி சீனாவின் ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானம் ஒன்று சீனப் போர்விமானத்தோடு மோதியது. சீன விமானி வாங் வெய் இறந்தார். அமெரிக்க விமானம் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேரைச் சீனா பிடித்து வைத்தது. மன்னிப்புக் கேள் என்றது சீனா. முதலில் வருத்தம் என்றார்கள், போதவில்லை. பிறகு ‘ஸாரி’ என்ற சொல் வந்தது, போதவில்லை. ஏப்ரல் 11 தேதியிட்ட அமெரிக்கத் தூதரின் கடிதத்தில் ‘வெரி ஸாரி’ இரண்டு இடத்தில் வந்தது: ஒன்று விமானியின் இழப்புக்கு, மற்றது அனுமதி பெறாமல் இறங்கியதற்கு. ஆட்களை விட்டார்கள். ‘வெரி’ சேர்ந்ததால் இது மன்னிப்பு என்று சீனப் பத்திரிகைகள் ஆழ்ந்த மன்னிப்பைக் குறிக்கும் சொற்களால் எழுதின. ‘வெரி’ சேர்ந்தாலும் ‘ஸாரி’ மன்னிப்பல்ல என்று வாஷிங்டன் தன் மக்களுக்குச் சொன்னது. இரண்டு மரக்கால், ஒரே நெல். வெறும் அட்டைதானே, பிடுங்கிப்போட்டால் என்ன என்று அந்தப் பதினோரு நாளில் அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜாலியன்வாலா பாக் இன்னும் கசப்பான உதாரணம். 1919 ஏப்ரல் 13இல் நடந்த அந்தப் படுகொலையில் இறந்தவர்கள் 379 என்பது பிரிட்டிஷ் தரப்பின் கணக்கு. இந்தியத் தரப்பு அதை என்றும் ஏற்றதில்லை. 2013இல் அங்கே வந்த பிரதமர் கேமரூன் பார்வையாளர் புத்தகத்தில் ‘டீப்லி ஷேம்ஃபுல்’ என்று எழுதினார். வெட்கக்கேடு என்பதற்கு முன்னால் ‘ஆழமாக’ என்று ஒரு சொல். மன்னிப்பு என்ற சொல் இல்லை. அந்த ‘டீப்லி’ மன்னிப்பு இருக்க வேண்டிய இடத்தில் போட்ட பாய். அளவைக் கூட்டக் கூட்ட, வகை மாறாமல் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை ஆழமாக வெட்கப்பட்டாலும் வெட்கம் நஷ்டஈடாக மாறாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலை 5ஆம் தேதி அமெரிக்கப் புலனாய்வுத் துறை (எஃப்.பி.ஐ.) இயக்குநர் கோமி, ஹிலாரி கிளின்டனின் மின்னஞ்சல் விவகாரம் பற்றி அறிக்கை வாசித்தார். ‘எக்ஸ்ட்ரீம்லி கேர்லெஸ்’ என்றார். அந்த ஒரே வாக்கியத்தில் ‘வெரி சென்ஸிடிவ்’, ‘ஹைலி கிளாஸிஃபைட்’ என்று இன்னும் இரண்டு. சில மாதம் முன்னால் எழுதிய வரைவில் அந்த முதல் இடத்தில் ‘கிராஸ்லி நெக்லிஜென்ட்’ என்று இருந்தது பிற்பாடு தெரிய வந்தது. அகராதியில் இரண்டுக்கும் அதிக தூரமில்லை. படுமோசமான கவனக்குறைவு, மிதமிஞ்சிய அஜாக்கிரதை. ஆனால் முன்னது கிட்டத்தட்ட சட்டப் பிரிவின் வாசகம். பின்னது வெறும் வசவு. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நம் பிரச்சனையல்ல. ஒரு வினையடையும் ஒரு பெயரடையும் மாறினால் குற்றம் குறையாகிவிடுகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

நீதிமன்றத்துக்கு வந்தால் இது இன்னும் நம் கழுத்துக்குக் கிட்டே வருகிறது. இங்கிலாந்தில் வென்ஸ்பரி என்ற ஊரில் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விடக்கூடாது என்று நகராட்சி விதித்த நிபந்தனையைக் கொட்டகைக்காரர்கள் எதிர்த்தார்கள். 1947இல் கிரீன் பிரபு சொன்ன தீர்ப்பின் சாரம்: ஒரு முடிவு நியாயமற்றது என்பது மட்டும் போதாது; எந்த நியாயமான அமைப்பும் எடுக்கவே முடியாத ‘அவ்வளவு’ நியாயமற்றதாக இருந்தால்தான் நீதிமன்றம் தலையிடும். ஆங்கிலத்தில் அந்த ‘அவ்வளவு’ என்பது ‘ஸோ’ என்ற ஓரெழுத்துச் சத்தம். பெண்கள் அதிகம் போடுகிறார்கள் என்று கிண்டலடிக்கப்பட்ட அதே ‘ஸோ’. நீதிபதி வாயில் வந்ததும் அது கோட்பாடு. 1994இன் டாடா செல்லுலார் வழக்கு உட்பட நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலும் வென்ஸ்பரி உட்கார்ந்திருக்கிறது. ரிட் மனு போட்டு, ‘நியாயமில்லைதான், ஆனால் அவ்வளவு நியாயமில்லாமல் இல்லை’ என்ற பொருள்படத் தள்ளுபடியாகி வந்தவர்களுக்கு இந்த ‘ஸோ’வின் கனம் தெரியும்.

அமெரிக்காவில் மெஷெல் வின்சன் என்ற கருப்பினப் பெண் தான் வேலை செய்த வங்கியின் மேல் தொடுத்த வழக்கில், பணியிடப் பாலியல் தொல்லையும் பாரபட்சமே என்று 1986இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெரிய வெற்றி. ஆனால் அதே தீர்ப்பு, அந்தத் தொல்லை ‘ஸஃபிஷியன்ட்லி’ கடுமையானதாகவோ பரவலானதாகவோ இருக்க வேண்டும் என்றது. போதுமான அளவுக்கு. யாருக்குப் போதுமான? பிறகு வந்த வருஷங்களில் வழக்குப் போன பெண்கள் பலர் அந்தப் படியில் இடறி விழுந்தார்கள். நடந்தது உண்மை, ஆனால் போதாது. இதை எதிர்த்துப் போராடியவர்கள், ‘போதுமான’ என்பதற்கு நல்ல விளக்கம் கொடு என்று கேட்பதோடு நிற்கவில்லை. அளவே வேண்டாம் என்றார்கள். நியூயார்க் மாநிலம் 2019இல் தன் சட்டத்திலிருந்து ‘கடுமை அல்லது பரவல்’ என்ற அந்த வாசலையே எடுத்தது. ஒரு அளவுச் சொல்லுக்கு எதிராக நடந்த போராட்டம் என்றும் இதை வாசிக்கலாம்.

எல்லோருக்கும் ஒரே மரக்கால் என்று முயன்றவர்களும் உண்டு. பருவநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அறிவியல் குழு தன் அறிக்கைகளில் இந்தச் சொற்களுக்கு எண் கட்டியது. ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘வெரி லைக்லி’ 90க்கு மேல், ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ 95க்கு மேல், ‘வர்ச்சுவலி செர்ட்டன்’ 99க்கு மேல். பூமி சூடாவதற்கு மனிதன்தான் பெருங்காரணம் என்ற ஒரே கூற்று 2001இல் ‘லைக்லி’, 2007இல் ‘வெரி லைக்லி’, 2013இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ என்று படியேறி, 2021இல் அளவுச் சொல்லே தேவைப்படாத ‘அன்இக்விவோகல்’ ஆயிற்று, ஐயமில்லை, அவ்வளவுதான். கரும்பலகை ஏணி உண்மையில் நின்ற ஒரே இடம் இதுவாக இருக்கலாம். அங்கும் சும்மா நிற்கவில்லை. 2007 ஏப்ரலில் பிரஸ்ஸல்ஸில், இயற்கை அமைப்புகள் ஏற்கனவே பாதிக்கப்படுகின்றன என்பதில் ‘வெரி ஹை’ நம்பிக்கை என்று விஞ்ஞானிகள் எழுதியதில் ‘வெரி’யை எடுக்கச் சொல்லிச் சீன, சவூதிப் பிரதிநிதிகள் ராத்திரி முழுக்க மல்லுக்கு நின்றார்கள். விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். கடைசியில் எத்தனை நம்பிக்கை என்ற பேச்சே இல்லாமல் அந்த வாக்கியம் அச்சானது. அதற்குப் பிறகு புடெஸ்குவும் உடன் ஆய்ந்தவர்களும் (2009) சாதாரண வாசகர்களிடம் இந்த வாக்கியங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, ‘வெரி லைக்லி’ என்பதை அவர்கள் 90க்கு வெகு கீழேயே வாசித்தார்கள். எண் கட்டினாலும் கேட்கிறவன் தன் வீட்டு மரக்காலில்தான் அளக்கிறான்.

மொழிபெயர்க்கும் நாமும் இதில் யோக்கியர்களல்ல. ‘வெரி’, ‘ஹைலி’, ‘டீப்லி’, ‘எக்ஸ்ட்ரீம்லி’ நான்குக்கும் ‘மிகவும்’ போட்டுவிட்டுப் போகிறோம். ‘ராதர் டிஸ்அப்பாயின்டிங்’ என்று ஒரு பிரிட்டிஷ் விமர்சகர் எழுதியதை நானே ‘ஓரளவு ஏமாற்றமளிப்பது’ என்று மொழிபெயர்த்து அச்சேற்றியிருக்கிறேன். அவர் அந்த நூலைக் குப்பையில் போட்டிருந்தார். நான் எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். ‘ரீசனப்லி’யை ‘நியாயமான அளவுக்கு’ என்று அகராதி பார்த்து எழுதும்போது, அதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் நல்லது.

கிணற்று விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது மனு எழுத உட்கார்ந்தோம். இந்த முறை அந்த ‘ரீசனப்லி’யை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டோம்: எந்தக் கிணற்றில், எந்தத் தேதியில் எடுத்த தண்ணீர்? ஒரு லிட்டரில் கரைந்த உப்பு எத்தனை மில்லிகிராம்? எந்த எண்ணுக்கு மேல் போனால் இந்தச் சொல்லை எடுத்துவிடுவீர்கள்? இந்தியத் தர நிர்ணயத்தைப் பார்த்தால் குடிநீருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்று இருக்கிறது. பக்கத்துக் கட்டத்திலேயே, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் இருக்கிறது. வேறு வழியற்றவனுக்கு நான்கு மடங்கு உப்பு. எண்ணுக்குள்ளேயும் ஒரு ‘ரீசனப்லி’ உட்கார்ந்திருக்கிறது. அதையும் மனுவில் எழுதினோம்.

படித்துக் காட்டி, தமிழில் சொன்னபோது அந்த அம்மா குறுக்கே கேட்டார்: ‘எல்லாம் சரி சார், நான் சொன்ன ரொம்ப எங்க?’ கணக்கெல்லாம் முடிந்த இடத்தில் ஒரு ‘வெரி’ சேர்த்தேன். நண்பர் பார்த்தார். பேனாவைத் திறக்கவில்லை.